மறு: பிரஷ் ஸ்கிரிப்ட் எழுத்துருவுக்குத் தமிழ்ச்சொல்

> 'தூரிகைத் தொடரெழுத்து' என்றே வைத்துவிடலாமே?

வணக்கம் ஐயா.

தூரிகையால் எழுதியது போலத் தெரியும் எழுத்துரு வகைக்குத்தானே பெயர் தேடுகிறோம்? அதில் அந்தத் 'தொடர்'தான் எனக்கு உறுத்துகிறது. 1942இல் அமெரிக்கன் டைப் ஃபவுண்டர்ஸ் என்ற அச்செழுத்து வார்ப்பு நிறுவனத்துக்காக ராபர்ட் இ. ஸ்மித் வரைந்த, 'பிரஷ் ஸ்கிரிப்ட்' என்றே பெயர் கொண்ட எழுத்துருவுக்கு அது பொருந்தும். ஈய அச்சிலேயே சின்ன எழுத்து ஒவ்வொன்றின் வாலும் அடுத்ததைப் போய்த் தொடும்படி செய்திருந்தார். கோத்தால் ஒரே இழுப்பில் எழுதியது போலிருக்கும். (கேப்பிடல் எழுத்துகள் அப்படி ஒட்டாது. இது தெரியாமல் என் தம்பி கடைப் பெயர் முழுவதையும் கேப்பிடலில் அடித்துப் பலகை வைத்தான். இன்றுவரை வருகிறவர்களுக்கு வாசித்துக் காட்டுகிறான்.)

ஆனால் பிரெஞ்சு வடிவமைப்பாளர் ரொஜே எக்ஸ்கோஃபோன் 1955இல் கொண்டுவந்த 'ஷோக்' எழுத்துருவை என்ன செய்வது? தடித்த தூரிகையால் அறைந்தது போன்ற எழுத்து, ஒன்றையொன்று தொடுவதில்லை. தமிழும் அப்படித்தான். சுவரில் பிரஷ்ஷால் எழுதினாலும் 'ம'வும் 'ர'வும் தனித்தனியாகத்தான் நிற்கின்றன. தொடர்ச்சியைப் பெயரில் வைத்தால் நமக்கே அந்தச் சொல் உதவாது.

சரி, வெறும் 'தூரிகை எழுத்துரு'? அது கருவியைச் சொல்கிறது, தோற்றத்தை அல்ல. ரோமின் டிராஜன் தூண் கல்வெட்டே முதலில் தட்டைத் தூரிகையால் எழுதி, அப்புறம் செதுக்கியது என்று எழுத்துக்கலைஞர் எட்வர்ட் கேடிச் வாதிட்டார். அதைப் பார்த்தால் யாருக்காவது பிரஷ் நினைவுக்கு வருமா?

என் பரிந்துரை: தீற்றெழுத்து. சுண்ணாம்பு தீற்றுவது, வண்ணத் தீற்றல் எல்லாம் நமக்குத் தெரிந்தவைதான். 'ழ'வின் வால் முடியும் இடத்தில் பெயிண்ட் வற்றி மயிர்மயிராகக் கீறல் தெரிகிறதே, அந்தத் தடம்தான் இந்த வகையின் அடையாளம். அச்செழுத்து, கையெழுத்து வரிசையில் நாக்கும் இடறாது. கணினியில் வந்தால் தீற்றெழுத்துரு.

கூடவே இன்னொன்றுக்கும் பெயர் வேண்டும். 'அக்கா கடை' என்று அடித்துப் பாருங்கள், மூன்று ககரம். மூன்றிலும் ஒரே இடத்தில் கீறல் விழுந்திருந்தால், கையால் எழுதியதல்ல என்ற குட்டு வெளிப்பட்டுவிடும். அதனால்தான் நல்ல எழுத்துருக்களில் ஒரே எழுத்துக்கு இரண்டு மூன்று வடிவங்கள் வைத்து, அக்கம்பக்கம் பார்த்து மாற்றிப் போடும் ஓப்பன்டைப் (கணினி எழுத்துருக்களுக்கான கோப்பு வடிவம்) வசதி இருக்கிறது. அதைச் 'சூழல் மாற்றுரு' என்று எழுதி வருகிறேன். மொழியியலில் உள்ள மாற்றுருபனோடு (ஒரே உருபன் இடத்துக்கேற்ப எடுக்கும் வேறு வடிவம்) குழம்புமா? இலக்கணம் அறிந்தவர்கள் சொல்லுங்கள்.