மறு: எமுலேட்டருக்குத் தமிழ்: 'போலி' வேண்டாமே

> அறம் 'அறன்' ஆனாலும் பொருள் மாறுவதில்லை. இலக்கணத்தில் அது போலி. எமுலேட்டரும் அப்படித்தானே?

அண்ணா, வணக்கம்.

பழைய விளையாட்டுப் பெட்டியின் வேலையைக் கைபேசியிலோ கணினியிலோ செய்து காட்டும் மென்பொருளான எமுலேட்டரைப் 'போலி' எனலாம் என்கிறீர்கள். வாதம் அழகுதான். ஆனால் அந்தச் சொல்லுக்கு நம் தென்னாப்பிரிக்க டர்பனில் வேறு வேலை இருக்கிறது. தொண்ணூறுகளில் நம் வீடுகளில் ஓடிய 'கோல்டன் சைனா' வீடியோ விளையாட்டுப் பெட்டியை நினைத்துப் பாருங்கள். நின்டெண்டோ நிறுவனத்தின் ஃபேமிகாம் என்ற பெட்டியைப் பார்த்துச் செய்த நகல். போலி என்றால் அதுதான் போலி! அதைக் கைபேசியில் ஓட்டும் மென்பொருளுக்கும் அதே பெயர் என்றால், போலிக்குப் போலி என்று சொல்லித் திரிய வேண்டும்.

'பாவனை' என்ற சொல்லும் ஒத்துவராது. நம் நேட்டால் 'சிக்ஸ் ஃபுட்' கூத்தில் அர்ச்சுனன் வேடம் கட்டியவர் அர்ச்சுனனாகத் தோன்றினால் போதும். அம்பு தைக்க வேண்டியதில்லை. அந்தச் சொல்லை, ஒன்றைப் போலத் தோன்றினால் போதும் என்றிருக்கும் சிமுலேட்டருக்கு விட்டுவிடலாம். எமுலேட்டரில் ஓடுவதோ, ஓர் எழுத்தும் மாறாத அதே பழைய விளையாட்டு. மாறியது உடல் மட்டும். கூடுவிட்டுக் கூடு பாய்ந்த கதைதான். ஆகவே என் முன்மொழிவு: கூடுமாற்றி.

புதுக் கூட்டில் உயிர் படும் பாட்டையும் இச்சொல் தாங்கும். நம் நாட்டுப் பழைய தொலைக்காட்சி 'பால்' (PAL) என்ற ஒளிபரப்பு முறை; அதற்கான விளையாட்டுகள் நொடிக்கு 50 படம் காட்டும். கைபேசித் திரைகள் பலவற்றில் 60. ஐந்து படத்துக்கு ஒன்று இருமுறை தோன்றுவதால், திரையில் ஓடுகிறவன் நொண்டுகிறான். 60-க்கு இழுத்துவிட்டால் நொண்டல் போகும். ஆனால் இசையும் ஆட்டமும் ஐந்தில் ஒரு பங்கு விரைந்துவிடும்.

சேகா நிறுவனத்தின் சாட்டர்ன் விளையாட்டுப் பெட்டி இன்னும் பெரிய தலைவலி. 1994-இல் வந்த அந்தப் பெட்டியில் 28.6 மெகாஹெர்ட்ஸ் செயலிகள் இரண்டு, படம் வரைய இரண்டு சில்லுகள், ஒலிக்குத் தனிச் செயலி. அத்தனையும் ஒரே தாளத்தில் இயங்கும் என்று நம்பித்தான் விளையாட்டுகளை எழுதினார்கள். கைபேசி பல மடங்கு வேகமானது. இருந்தும் ஒவ்வொரு சிற்றடியிலும் ஒன்றை நிறுத்தி மற்றொன்றைக் கூட்டிவர வேண்டியிருப்பதால் வேகமெல்லாம் காத்திருப்பதிலேயே கரைகிறது. பாட்டரியும் கரைகிறது, கை சுடுகிறது. தாளம் தவறாமல் ஓட்டுவதைத் 'துடிப்பு பிசகாத கூடுமாற்றம்' எனலாம்.

வினைச்சொல்லில்தான் திணறுகிறேன். 'கூடுமாற்றினேன்' என்றால் பறவை வளர்ப்பவர் பேச்சுப்போல் இருக்கிறது. 'கூடேற்றினேன்' எப்படி? உங்கள் சனிக்கிழமை வகுப்புப் பிள்ளைகளிடம் இரண்டையும் சொல்லவைத்துப் பாருங்கள். நாக்கு சிக்காமல் வருவது எதுவோ, அதற்கே என் வாக்கு.