பொன்–வெள்ளி நனோத் துணிக்கை சேர்த்தால் சாயம் ஏன் மங்குகிறது?

இரணைமடு_மாணவி:
வணக்கம். கிளிநொச்சியில் இறுதியாண்டு ஆய்வு செய்கிறேன். பொன்னையும் வெள்ளியையும் சம மூல் அளவில் எடுத்து, சோடியம் சித்திரேற்றுடன் கொதிக்கவைத்துக் கலப்புலோக நனோத் துணிக்கை தயாரித்தேன். உறிஞ்சல் நிறமாலையில் ஒரே உச்சிதான், 460 நனோமீற்றர் அளவில். இதை ரோடமைன் 6ஜி என்ற ஒளிரும் சாயக் கரைசலுக்குள் விட்டால் ஒளிர்வு கூடும் என்றுதான் எல்லாக் கட்டுரையும் சொல்கிறது. எனக்கு விட விட மங்குகிறது, கரைசலும் சாம்பல் நிறமாகிறது. கலப்புலோகமே பிழையா? கண்ணாடிச் சாமான்களைக் குழாய்க்கிணற்றுத் தண்ணீரில்தான் கழுவுகிறோம், அதுவும் காரணமாக இருக்குமா?

மாங்குளம்_அண்ணா:
கலப்புலோகம் சரிதான் தங்கச்சி. தனி வெள்ளி 400, தனிப் பொன் 520 அளவில் உச்சி காட்டும். இரண்டையும் தனித்தனியே செய்து கலந்திருந்தால் இரண்டு உச்சி வந்திருக்கும். பாதிக்குப் பாதி என்றால் 460தான் வரவேண்டும். பொன்னின் பங்கு கூடக் கூட உச்சி நேர்கோட்டில் நகரும் என்று லிங்க், எல்-சையத் என்ற ஆய்வாளர்களின் குழுவினர் 1999இலேயே காட்டிவிட்டார்கள்.

சந்தேகம் சாயத்தில்தான். சித்திரேற்றுப் போர்த்த துணிக்கைக்கு மறை ஏற்றம், ரோடமைன் 6ஜிக்கு நேர் ஏற்றம். போய் ஒட்டிக்கொள்ளும். உலோகத்தில் ஒட்டிய மூலக்கூறு தன் சக்தியை ஒளியாக விடாமல் உலோகத்துக்குக் கொடுத்துவிடும், அது வெப்பமாகப் போய்விடும். ஏற்றம் சமப்பட்டதால் துணிக்கைகளும் திரளும், அந்தச் சாம்பல் நிறம் அதுதான். மையநீக்கியில் சுற்றி, மேலே தெளிந்த நீரில் சாயம் மிச்சமிருக்கிறதா என்று பாருங்கோ.

கிணற்றுத் தண்ணீரில் குளோரைட்டு இருக்கும், வெள்ளியோடு சேர்ந்து வெண்கலங்கல் தரும். கடைசி அலசலை வடித்த நீரில் செய்யுங்கோ. ஆனால் இந்த மங்கலுக்கு அது காரணம் இல்லை.

இரணைமடு_மாணவி:
சுற்றிப் பார்த்தேன் அண்ணா. மேல்நீரில் சாயம் இல்லை என்றே சொல்லலாம், எல்லாம் அடியில். புளோரசீன் என்ற இன்னொரு ஒளிரும் சாயம் கையில் இருக்கிறது, அதற்கு மறை ஏற்றம்தானே. மாற்றினால் சரியா?

ஒளிர்வு_அக்கா:
ஒட்டாது, சரி. ஆனால் கூடவும் மாட்டாது. சாயம் கரைசலெங்கும் அலைந்து திரியும், துணிக்கைக்குக் கிட்ட இருப்பது கொஞ்சம்தான். ஒட்டவும் கூடாது, விலகிப் போகவும் கூடாது: சுமார் 5 முதல் 10 நனோமீற்றர் இடைவெளி வேண்டும். சிலிக்கா உறை போடலாம் என்பார்கள். வழமையான முறையில் அமோனியா சேர்ப்பார்கள், அது வெள்ளியை அரிக்கும். உங்களுடையதில் பாதி வெள்ளி. ஏற்றமுள்ள பல்பகுதியங்களை (பொலிமர்களை) நேர், மறை என்று மாறி மாறிப் படியவிடுங்கோ, ஒரு படை ஒன்றிரண்டு நனோமீற்றர் வரும். கடைசிப் படை நேர் ஏற்றமாக இருந்தால் புளோரசீன் தானாக அதில் உட்காரும். காரத்தன்மை பீஎச் 8க்குக் கீழே இறங்காமல் பாருங்கோ, இல்லாவிட்டால் புளோரசீனே மங்கிவிடும்.

புளோரசீன் 490 பக்கம் உறிஞ்சும். பொன்னை முக்கால் பங்காக்கினால் உச்சியும் அங்கே வந்துவிடும். இந்த வசதிக்காகத்தானே கலப்புலோகம்.

இன்னொன்று: துணிக்கைக் கரைசலே வெளிச்சத்தைத் தின்னும். சாயமில்லாத துணிக்கைக் கரைசலை இன்னொரு குவளையில் ஊற்றி, சாயக் குவளைக்கு முன்னால் வைத்து அளவுங்கோ. அப்பவும் மங்கினால் அந்த அளவு இழப்பு வெறும் உறிஞ்சல். பல மடங்கு கூடும் என்று எதிர்பார்க்கவும் வேண்டாம். புளோரசீன் ஏற்கெனவே 90 வீதத்துக்கு மேல் விளைதிறன் உள்ள, அதாவது உறிஞ்சும் ஒளித்துணிக்கைகளில் அவ்வளவையும் திரும்ப ஒளியாக விடும் சாயம், அதில் கூட்ட இடமில்லை. வருவது அருட்டலில், அதாவது சாயம் ஒளியை உறிஞ்சும் கட்டத்தில், கிடைக்கும் ஆதாயம் மட்டும்தான்.

இரணைமடு_மாணவி:
நன்றி அக்கா, படை போடும் வழியிலேயே போகிறேன். ஒவ்வொரு படையும் படிந்ததா என்று எப்படித் தெரியும்?

ஒளிர்வு_அக்கா:
சீற்றா அழுத்தம் (துணிக்கை மேற்பரப்பின் மின்னேற்றத்தைக் காட்டும் மின்னழுத்தம்) அளக்கலாம் என்றால் ஒவ்வொரு படைக்கும் குறி மாறும். கருவி இல்லாவிட்டால் உறிஞ்சல் உச்சியைப் பாருங்கோ, படைக்குப் படை ஒன்றிரண்டு நனோமீற்றர் சிவப்புப் பக்கம் (நீண்ட அலைநீளப் பக்கம்) தள்ளும். உச்சி அகன்று வால் நீண்டால் திரள்கிறது. மிச்சப் பல்பகுதியத்தை ஒவ்வொரு முறையும் சுற்றிக் கழுவி எடுத்துவிட்டு அடுத்த படைக்குப் போங்கோ.