பாம்பனிலிருந்து அனுப்பும் மல்ட்டிகாஸ்ட் வீடியோ தொண்டிக்கு வந்து சேரவில்லை

கடலோரன்:
பாம்பனில் மீன் இறங்குதளம் ஒன்றில் பொருத்தியுள்ள கேமராவின் வீடியோவை இராமநாதபுரம், கீழக்கரை, தொண்டி அலுவலகங்கள் ஒரே நேரத்தில் பார்க்க வேண்டும். நான்கு இடங்களும் ஒரு சேவை நிறுவனத்தின் எம்பிஎல்எஸ் விபிஎன் (நிறுவனத்தின் பிணையத்துக்குள் எங்களுக்கென ஒதுக்கிய தனிப் பிணையம்) வழியாக இணைந்துள்ளன. பிங் எல்லா இடங்களுக்கும் போகிறது. கேமராவை யுனிகாஸ்டில் (பார்ப்பவர் ஒவ்வொருவருக்கும் தனிப் பிரதி) திறந்தால் படமும் தெரிகிறது. ஆனால் மல்ட்டிகாஸ்டில் (ஒரே பிரதியை அனுப்பி, வழி பிரியும் ரூட்டரில் மட்டும் பிரதியெடுப்பது) 239.10.1.1 என்ற குழு முகவரிக்கு அனுப்பும் வீடியோ பாம்பனைத் தாண்டுவதே இல்லை. உப்புக்காற்றில் கனெக்டர் அரித்திருக்கும் என்றார்கள், மாற்றியும் பயனில்லை. எங்கள் ரூட்டர்களில் பிம் ஸ்பார்ஸ் மோடு (கேட்ட இடத்துக்கு மட்டும் மல்ட்டிகாஸ்டை அனுப்பும் ரூட்டிங் முறை) இயங்குகிறது. அதில் அனுப்புபவரும் பார்ப்பவர்களும் சந்திக்கும் ரூட்டரான ஆர்பி இராமநாதபுரத்தில் இருக்கிறது.

தொண்டித்துறை:
முதலில் கேமராவின் மல்ட்டிகாஸ்ட் டிடிஎல் (ஒவ்வொரு ரூட்டரிலும் ஒன்று குறையும் எண்) மதிப்பைப் பாருங்கள். அது 1 என்றிருந்தால் பாக்கெட் முதல் ரூட்டரிலேயே மடிந்துவிடும். அடுத்து, நிறுவனத்தின் பிஇ ரூட்டர் (உங்கள் லைன் போய்ச் சேரும் விளிம்பு ரூட்டர்) உங்கள் ரூட்டரில் பிம் அண்டையாகத் தெரிகிறதா என்று பாருங்கள். யுனிகாஸ்ட் விபிஎன் இயங்குவதால் மல்ட்டிகாஸ்டும் தானாகப் போய்விடாது. உங்கள் விஆர்எஃப்பில் (பிஇ ரூட்டரில் உங்களுக்கான தனி ரூட்டிங் அட்டவணை) நிறுவனம் அதைத் தனியே இயக்கித் தரவேண்டும். பழைய முறையில் வாடிக்கையாளரின் மல்ட்டிகாஸ்டை ஜிஆர்இயில் (ஒரு பாக்கெட்டை இன்னொன்றுக்குள் வைத்து அனுப்பும் டன்னல் முறை) பொதிந்து, மையப் பிணையத்தின் பிம் மரத்தில் அனுப்புவார்கள். 2012இல் வெளியான ஆர்எஃப்சி 6513, 6514 என்ற இணையத் தர ஆவணங்களின்படி, உங்கள் ரூட்டர் அனுப்பும் பிம் ஜாயின் (இந்தக் குழு எனக்கும் வேண்டும் என்ற) செய்தியைப் பிஇ ரூட்டர் பிஜிபி (ரூட்டர்கள் வழித்தகவலைப் பரிமாறும் முறை) ரூட்டாக மாற்றி எதிர்முனைக்குச் சொல்லலாம். வீடியோவை, மையப் பிணையத்தில் எம்பிஎல்எஸ் பாதை அமைக்கும் முறைகளான எம்எல்டிபி அல்லது ஆர்எஸ்விபி-டிஇ போட்ட மரத்தில் ஏற்றலாம். எந்த முறையானாலும் பாம்பன் லைனில் ஒரு பிரதிதான் ஏறும்.

கடலோரன்:
டிடிஎல் 16 இருக்கிறது. பிஇ அண்டையாகத் தெரியவில்லை; எங்கள் திட்டத்தில் அந்த வசதி கிடையாது என்று நிறுவனம் சொல்லிவிட்டது. ஜிஆர்இ டன்னல் நாங்களே போட்டுக்கொள்ளலாமா?

மண்டபம் ரூட்டர்:
போடலாம்; ஆனால் பாம்பனிலிருந்து மூன்று டன்னல் போடாதீர்கள். 4 எம்பிபிஎஸ் வீடியோ மூன்று பிரதிகளாகி 12 எம்பிபிஎஸ்ஸுக்கு மேல் அந்த ஒரே லைனில் ஏறும். பாம்பனிலிருந்து இராமநாதபுரத்துக்கு ஒரு டன்னலும், அங்கிருந்து கீழக்கரைக்கும் தொண்டிக்கும் ஒவ்வொன்றும் போதும். பிரதியெடுக்கும் வேலையை இராமநாதபுரம் அலுவலகத்தின் பெரிய லைன் பார்த்துக்கொள்ளட்டும்.

பெரும்பாலோர் இடறும் இடம் ஆர்பிஎஃப் சோதனை; அதாவது, பாக்கெட் அதை அனுப்பியவரை நோக்கிய வழியில்தான் வந்ததா என்று ரூட்டர் பார்ப்பது. கேமராவுக்கான யுனிகாஸ்ட் வழி விபிஎன் இன்டர்ஃபேஸைக் காட்டும். வீடியோவோ டன்னலில் வரும். வந்த திசை பொருந்தாததால் ரூட்டர் அதைத் தள்ளிவிடும். எம்ரூட் (மல்ட்டிகாஸ்ட் வழி) அட்டவணையில் கேமராவின் வரியில் உள்வரும் இன்டர்ஃபேஸ் நல் (Null, எதுவுமில்லை) என்றிருந்தால் சிக்கல் இதுதான். கேமரா, ஆர்பி இரண்டின் முகவரிகளுக்கும் டன்னலைச் சுட்டும் நிலையான எம்ரூட் எழுதுங்கள்.

பார்ப்பவர்களுக்குக் கேமராவின் முகவரி தெரிந்திருப்பதால், உங்கள் கருவிகள் ஐஜிஎம்பி (பார்க்கும் கணினி தன் ரூட்டரிடம் குழுவைக் கேட்கும் முறை) 3ஆம் பதிப்பை ஏற்குமானால், 232.0.0.0/8 வரம்புக்கு மாறி எஸ்எஸ்எம் (அனுப்புபவரின் முகவரியையும் சொல்லிக் கேட்கும் மல்ட்டிகாஸ்ட்) வைத்துக்கொள்வதே என் விருப்பம். அதில் ஆர்பியே தேவையில்லை. கடைசியாக, வழக்கமான 1500 பைட்டில் ஜிஆர்இ 24 பைட் எடுத்துக்கொள்வதால் டன்னலின் எம்டியூவை (ஒரு பாக்கெட்டின் உச்ச அளவு) 1476 என வைத்து, கேமராவின் பாக்கெட் அளவை 1400க்குள் குறையுங்கள்; இல்லையென்றால் படம் வந்தாலும் கட்டம் கட்டமாக உடையும்.