ரைசன் 9 9900எக்ஸ் ஓவர்கிளாக்: பி650 டோமஹாக் போதுமா, எக்ஸ்870ஈ வரை போகணுமா?

ராத்திரி_ரெண்டர் எழுதியது:

வணக்கம். பிராசசர் 9900எக்ஸ் என்று முடிவாகிவிட்டது, போர்டுதான் பாக்கி. முக்கிய வேலை பிளெண்டர் ரெண்டர், நடுநடுவே கோடு கம்பைல், வார இறுதியில் கொஞ்சம் கேம். கூலர் 360 எம்எம் லிக்விட், பவர் சப்ளை 850 வாட். அறையில் ஏசி இல்லை, மே மாதத்தில் மதியம் 35 டிகிரி சாதாரணம். ரேம் 64 ஜிபி வேண்டும், 16 ஜிபி ஸ்டிக் நான்கு போடலாம் என்று எண்ணம்.

கையில் இரண்டு வழி இருக்கிறது. ஒன்று எம்எஸ்ஐ பி650 டோமஹாக் வைஃபை. இன்னொன்று நல்ல எக்ஸ்870ஈ போர்டு ஏதாவது. விலை வித்தியாசம் பெரிது. "ஃபேஸ் அதிகமா இருந்தா கிளாக் அதிகமா ஏறும்" என்கிறார் கடைக்காரர். ஃபேஸ் என்றால் போர்டில் பிராசசருக்கு மின்சாரம் கொடுக்கும் சுற்றுத்தானே. அது உண்மையா? அந்தக் கூடுதல் பணத்துக்கு ஓவர்கிளாக்கில் (பிராசசரை நிர்ணயித்த வேகத்துக்கு மேல் ஓட்டுவதில்) என்ன கிடைக்கும்?

தாமிரத்தடம் எழுதியது:

உண்மை இல்லை. கிளாக் எவ்வளவு ஏறும் என்பதைச் சிலிக்கானும் கூலரும்தான் தீர்மானிக்கும். கேட்கும் மின்னோட்டத்தைச் சூடாகாமல், வோல்டேஜ் ஆடாமல் கொடுப்பது மட்டுமே போர்டின் வேலை. அந்த அளவைத் தொட்டுவிட்டால் அதற்கு மேல் எத்தனை ஃபேஸ் வந்தாலும் ஒரு 25 மெகாஹெர்ட்ஸ் கூடக் கிடைக்காது.

"14+2+1" என்றால் 14 ஃபேஸ் கோர்களுக்கு, 2 எஸ்ஓசிக்கு (பிராசசருக்குள் மெமரி கன்ட்ரோலர் உள்ள பகுதி), 1 மற்ற சில்லறைத் தேவைக்கு. டோமஹாக்கில் அந்த 14ம் ஏழு ஜோடி. கன்ட்ரோலரிலிருந்து வரும் ஏழு சிக்னலில் ஒவ்வொன்றும் இரண்டு பவர் ஸ்டேஜைச் சேர்த்து ஓட்டும். அதில் குறை ஒன்றும் இல்லை. ஆனால் பெட்டியில் அச்சடித்த கூட்டல் கணக்கை வைத்து இரண்டு போர்டை ஒப்பிட முடியாது. ஸ்டேஜ் எத்தனை, ஒவ்வொன்றும் எத்தனை ஆம்பியர், மேலே இருக்கும் ஹீட்சிங்க் எவ்வளவு கனம், இந்த மூன்றையும் சேர்த்துப் பாருங்கள்.

கணக்குப் போட்டே பார்க்கலாம். 9900எக்ஸ் 120 வாட் டிடிபி (வெப்ப மதிப்பீடு) சிப், ஸ்டாக்கில் சாக்கெட் வழியே 162 வாட் வரை இழுக்கும். பிபிஓ (பிராசசரின் மின் எல்லைகளை உயர்த்தும் ஏஎம்டி வசதி) திறந்து 200 வாட் என்று வைத்துக்கொள்வோம். 1.2 வோல்ட்டில் அது சுமார் 167 ஆம்பியர். 14 ஸ்டேஜில் பிரிந்தால் ஒன்றுக்கு 12 ஆம்பியர். டோமஹாக்கில் இருப்பவை 80 ஆம்பியர் ஸ்டேஜ்கள், அதனால் அவை நடைபயிற்சி வேகத்தில்தான் ஓடும். பத்து சதவீதம் வெப்பமாக வீணானாலும் 20 வாட்தான், கனமான ஹீட்சிங்க் அதை எளிதாக வாங்கிக்கொள்ளும். இதே 167 ஆம்பியரை ஆறு ஸ்டேஜ் மட்டும் உள்ள, ஹீட்சிங்கே இல்லாத மலிவு போர்டில் தள்ளினால் ஒன்றுக்கு 28 ஆம்பியர். ஸ்டேஜின் தடையால் வரும் இழப்பு மின்னோட்டத்தின் வர்க்கத்தோடு ஏறும், அதனால் சூடு இரண்டு மடங்கோடு நிற்காது. ரெண்டர் தொடங்கிப் பத்தாவது நிமிடம் போர்டே பிராசசரின் வேகத்தை இழுத்துப் பிடிக்கும்.

இப்போது எக்ஸ்870 பக்கம் வருவோம். எம்எஸ்ஐயின் எக்ஸ்870 டோமஹாக்கிலும் கோருக்கு அதே 14 ஸ்டேஜ், அதே 80 ஆம்பியர்தான். சிப்செட்டும் பெரிய வித்தியாசம் இல்லை. பி650, எக்ஸ்870 இரண்டிலும் ஒரே ப்ரோமன்டரி 21 சில்லு, எக்ஸ்870ஈயில் அதுவே இரண்டு. கூடுதல் பணம் போவது யூஎஸ்பி4, கூடுதல் எம்.2 (எஸ்எஸ்டி) ஸ்லாட், கிராபிக்ஸ் ஸ்லாட்டில் பிசிஐஇ 5.0 ஆகியவற்றுக்கு. அவை தேவை என்றால் தாராளமாக வாங்குங்கள், ஓவர்கிளாக்குக்காக வாங்க வேண்டாம். வாங்குவதானால் மேனுவலில் லேன் (தரவுப் பாதை) பங்கீட்டுப் பக்கத்தைக் கட்டாயம் படியுங்கள். சில போர்டுகளில் இரண்டாவது ஜென்5 எம்.2வில் எஸ்எஸ்டி போட்டால் கிராபிக்ஸ் கார்டு 16 லேனிலிருந்து எட்டுக்கு இறங்கிவிடும்.

ஏஎம்5இல் (9900எக்ஸ் பொருந்தும் சாக்கெட்) ஓவர்கிளாக்குக்காகத் தொடவே கூடாத சிப்செட்கள் ஏ620ம் பி840ம். இரண்டிலும் ரேமை ஏற்றலாம், பிராசசரை ஏற்ற முடியாது. பி840 என்ற பெயரைப் பார்த்து பி850க்குத் தம்பி என்று நினைத்து ஏமாறுபவர்கள் நிறைய.

வெப்பமானி எழுதியது:

தாமிரத்தடம் அண்ணா சொன்னதில் ஒரு விஷயம் சேர்க்கணும். லிக்விட் கூலர் போடும்போது விஆர்எம்முக்கு (அந்த பவர் ஸ்டேஜ்கள் சேர்ந்த பகுதி) நேரடியா காற்று போகாது. டவர் கூலர்னா அதோட ஃபேன் சாக்கெட்டைச் சுத்தி இருக்கிற ஹீட்சிங்க் மேலயும் கொஞ்சம் காற்றை அடிச்சுட்டுப் போகும். ரேடியேட்டரை மேலே மாட்டினா சாக்கெட் பக்கம் வெறும் பம்ப் மட்டும்தான். 35 டிகிரி அறையில கேஸுக்குள்ள 42, 45ன்னு நிக்கும். அதுல ஹீட்சிங்க் எவ்வளவு பெருசா இருந்தாலும் காற்று அசையலைன்னா சூடு ஏறிக்கிட்டேதான் இருக்கும்.

பின்பக்கம் ஒரு 120 எம்எம் ஃபேன் கட்டாயம் போடுங்க. எச்டபிள்யூஇன்ஃபோவுல (சென்சார் அளவைக் காட்டற மென்பொருள்) "விஆர் மாஸ்" என்கிற வரியைப் பார்த்துக்கிட்டே அரைமணி நேரம் ரெண்டர் ஓட்டுங்க. 80க்குள்ள நின்னா கவலையே வேண்டாம். 100 தாண்டினா காற்றோட்டத்தை மாத்தணும். சில மலிவு போர்டுல இந்த சென்சாரே இருக்காது, வாங்கறதுக்கு முன்னாடி இதையும் விசாரிங்க.

இன்னொண்ணு, போர்டு மேல ரெண்டு 8 பின் இருக்கேன்னு பயப்படாதீங்க. ஒரு 8 பின்னே 250 வாட்டுக்கு மேல தாங்கும். 9900எக்ஸுக்கு அது போதும். பவர் சப்ளையில ரெண்டாவது கேபிள் இருந்தா மாட்டிவிடுங்க, இல்லைன்னா அதுக்காகப் புது பவர் சப்ளை வாங்காதீங்க.

எட்டடுக்கு எழுதியது:

இந்த இழையில் பெரிய தவறு போர்டில் இல்லை, "16 ஜிபி ஸ்டிக் நான்கு" என்ற வரியில்தான் இருக்கிறது. ஏஎம்5இல் நான்கு ஸ்டிக் போட்டால் ஏஎம்டி அதிகாரபூர்வமாக உத்தரவாதம் தரும் வேகம் டிடிஆர்5-3600 மட்டுமே. இரண்டு ஸ்டிக் என்றால் 9000 வரிசையில் 5600. அதற்கு மேல் போவதெல்லாம் ஓவர்கிளாக் கணக்கு. நான்கு ஸ்டிக்கோடு 6000 ஓடும் சிஸ்டங்கள் உண்டு, ஆனால் அதை நம்பிப் பணம் போடக் கூடாது. 32 ஜிபி ஸ்டிக் இரண்டாக வாங்கி ஏ2, பி2 ஸ்லாட்டில் போடுங்கள், அதாவது பிராசசரிலிருந்து எண்ணினால் இரண்டாவதும் நான்காவதும். ஏ1, பி1இல் போட்டால் கம்பித்தடத்தின் காலியான நுனியில் சிக்னல் எதிரொலித்து வேகம் கெடும்.

உங்களுக்குச் சரியான இலக்கு டிடிஆர்5-6000, சிஎல்30 (ரேமின் தாமத அளவு), எக்ஸ்போ ப்ரொஃபைல் (ரேமின் வேகத்தை ஒரே சொடுக்கில் அமைக்கும் ஏஎம்டி வசதி) உள்ள கிட். அந்த வேகத்தில் மெமரி கன்ட்ரோலர் ரேமோடு ஒன்றுக்கு ஒன்றாக ஓடும். 6400ஐ அதே விகிதத்தில் ஓட்டுவது சிப்பின் அதிர்ஷ்டம். அதைத் தாண்டினால் கன்ட்ரோலர் பாதி வேகத்துக்கு இறங்கும், இழந்ததை ஈடுகட்ட ரேம் 8000 பக்கம் போக வேண்டும். போர்டின் தரம் உண்மையிலேயே பேசும் இடம் அதுதான். எட்டு அடுக்கு பிசிபி, அதைவிட முக்கியமாக இரண்டே ரேம் ஸ்லாட் கொண்ட போர்டு. விலை குறைந்த ஏஎஸ்ராக் பி650எம்-எச்டிவி/எம்.2 ரேம் ஓவர்கிளாக் செய்பவர்களிடம் பெயர் வாங்கியதற்குக் காரணமே அந்த இரண்டு ஸ்லாட்தான். ரெண்டர் வேலைக்கு 8000 தேவையில்லை, 6000இல் நிறுத்திவிடுங்கள்.

எக்ஸ்போவைப் போட்டதும் எஸ்ஓசி வோல்டேஜைப் பாருங்கள். 2023இல் 7000 வரிசை எக்ஸ்3டி சிப்கள் சில கருகிய பிறகு ஏஎம்டி அதற்கு 1.3 வோல்ட் என்று எல்லை கட்டியது. ஆட்டோவில் விட்டால் சில போர்டுகள் அந்த எல்லைக்கு அருகிலேயே போய் நிற்கும். 6000க்கு 1.2 வோல்ட் பெரும்பாலும் போதும், கையால் வையுங்கள்.

ராத்திரி_ரெண்டர் எழுதியது:

நன்றி அண்ணன்மார்களே. 32 ஜிபி இரண்டு, பி650 டோமஹாக் என்று மாற்றிவிட்டேன். இன்னும் இரண்டு கேள்வி. பழைய ஸ்டாக் போர்டாக வந்தால் 9900எக்ஸ் ஆன் ஆகுமா? எல்லா கோரையும் 5.2 கிகாஹெர்ட்ஸில் பூட்டுவது நல்லதா, பிபிஓவா?

தாமிரத்தடம் எழுதியது:

பழைய பயாஸாக (போர்டின் உள் மென்பொருள்) இருந்தால் ஆன் ஆகாது, ஆனால் டோமஹாக்கின் பின்பக்கம் ஃபிளாஷ் பயாஸ் பட்டன் இருக்கிறது. பிராசசரோ ரேமோ இல்லாமலே வேலை நடக்கும். 24 பின்னும் 8 பின்னும் மட்டும் மாட்டுங்கள். எஃப்ஏடி32வில் ஃபார்மட் செய்த பென்டிரைவில் புதிய பயாஸ் கோப்பை, மேனுவல் சொல்லும் பெயருக்கு மாற்றிப் போட்டு, அதற்கென்று குறித்த யூஎஸ்பி துளையில் செருகி பட்டனை அழுத்துங்கள். விளக்கு மினுக்குவது நிற்கும்வரை கரண்ட் போகக் கூடாது, யூபிஎஸ்ஸில் வைத்துச் செய்யுங்கள். விளக்கு சில நொடிகளிலேயே நின்றுவிட்டால் கோப்பின் பெயரோ ஃபார்மட்டோ தவறு. ஓவர்கிளாக் போர்டில் நான் முதலில் தேடுவது இந்தப் பட்டனைத்தான், ஃபேஸ் எண்ணிக்கை அதற்கு அப்புறம்.

5.2இல் பூட்ட வேண்டாம். ஒரே கோர் வேலையில் இந்த சிப் தானாகவே 5.6 தொடும், பூட்டினால் அதை இழப்பீர்கள். பிபிஓவில் கர்வ் ஆப்டிமைசர்தான் (கோர்களுக்குப் போகும் வோல்டேஜைக் குறைக்கும் அமைப்பு) சரியான வழி.

வரிசை முக்கியம். முதலில் பயாஸ் அப்டேட், பிறகு எல்லாம் ஸ்டாக்கில் ஒரு நாள் ஓட்டம். அடுத்து எக்ஸ்போ, அதற்கு மெம்டெஸ்ட் ஓர் இரவு. ரேம் பிழையே இல்லை என்று தெரிந்த பிறகே கோரைத் தொடுங்கள். இரண்டையும் ஒரே நாளில் மாற்றினால் எது தவறு என்று கண்டுபிடிக்கவே ஒரு வாரம் போகும்.

பிபிஓ அட்வான்ஸ்டில் பிபிடி (மொத்த வாட்) 200, டிடிசி (தொடர் ஆம்பியர்) 160, ஈடிசி (நொடிநேர உச்ச ஆம்பியர்) 225. வெப்ப எல்லை 85 என்று வைத்தால் உங்கள் அறைக்கு நல்லது, சிப்பின் சொந்த எல்லை 95. கர்வ் ஆப்டிமைசரை எல்லா கோருக்கும் மைனஸ் 10இல் தொடங்கி ஐந்தைந்தாக இறக்குங்கள். ஒரு எண்ணுக்கு ஏறக்குறைய 3 முதல் 5 மில்லிவோல்ட் குறையும். பூஸ்ட் ஓவர்ரைடை (உச்ச கிளாக்கைக் கூட்டும் அமைப்பு) கடைசிவரை பூஜ்யத்திலேயே விடுங்கள்.

சோதனையில் பலர் தவறுவது ஒரே இடத்தில்தான். மணிக்கணக்கில் ரெண்டர் ஓடிவிட்டது, ஸ்டேபிள் என்று நினைப்பார்கள். முழு லோடில் கிளாக் குறைவு, அதனால் தாங்கிவிடும். ஒரே கோர் உச்ச கிளாக்குக்குத் தாவும்போதுதான் வோல்டேஜ் போதாமல் விழும். பிரவுசர் திறந்து சும்மா இருக்கும்போது ரீஸ்டார்ட் ஆவது அதனால்தான். கோர்சைக்ளர் போட்டு ஒவ்வொரு கோராகச் சோதியுங்கள். எந்த கோர் தவறியது என்று அதுவே சொல்லும், அந்த கோருக்கு மட்டும் ஐந்து எண் ஏற்றிவிடுங்கள். சிப்பின் சிறந்த கோர்கள்தான் பெரும்பாலும் முதலில் தவறும், அவை ஏற்கெனவே உச்சத்தில் ஓடுபவை.

எல்எல்சியை (லோடு ஏறும்போது வோல்டேஜ் சரியாமல் பிடிக்கும் அமைப்பு) ஆட்டோவிலேயே விடுங்கள். அதை உச்சத்தில் வைத்தால் லோடு சட்டென்று விலகும் நொடியில் வோல்டேஜ் எகிறும்.

வெப்பமானி எழுதியது:

இன்டெல் வாங்கப் போறவங்க யாராவது இதைப் படிச்சா: கே முடிவுள்ள பிராசசரும் இசட் சிப்செட்டும் சேர்ந்தாதான் மல்டிப்ளையரை (கோர் வேகத்தை அமைக்கிற பெருக்கி) தொட முடியும். பி760, பி860ல ரேம் மட்டும்தான். 13, 14ஆம் தலைமுறை சிப் கையில இருந்தா ஓவர்கிளாக்குக்கு முன்னாடி மைக்ரோகோடு 0எக்ஸ்12பி அல்லது அதுக்குப் பிந்தினது உள்ள பயாஸ் போட்டே ஆகணும். அதிக வோல்டேஜால சிப்பே தேய்ஞ்சுபோற பிரச்சினைக்கு இன்டெல் 2024ல கொடுத்த தீர்வு அது. ஏற்கெனவே தேய்ஞ்சுபோன சிப்பை அது சரிபண்ணாது.

ராத்திரி_ரெண்டர் எழுதியது:

எக்ஸ்போ ஆன் செய்து சேவ் கொடுத்தேன். திரை கறுப்பாகவே இருக்கிறது, டிராம் என்ற இடத்தில் மஞ்சள் விளக்கு எரிகிறது. மூன்று நிமிடம் ஆகிறது. அணைக்கலாமா?

எட்டடுக்கு எழுதியது:

அணைக்காதீர்கள். போர்டு ரேமைப் புதிய வேகத்துக்குப் பழக்கிக்கொண்டிருக்கிறது. 64 ஜிபிக்கு முதல் முறை பல நிமிடம் ஆகும், நடுவே தானாக ஒருமுறை ரீஸ்டார்ட் ஆனாலும் பதற வேண்டாம். கால் மணி நேரம் கழித்தும் அதே விளக்கு என்றால் மட்டும் பவர் சப்ளையை அணைத்து, கேபிளைக் கழற்றி, சிமாஸ் க்ளியர் பின்கள் (பயாஸ் அமைப்புகளை அழிப்பவை) இரண்டையும் ஸ்க்ரூடிரைவர் நுனியால் பத்து நொடி தொட்டுவிட்டு, ஏ2வில் ஒரே ஸ்டிக்கோடு தொடங்குங்கள்.

ராத்திரி_ரெண்டர் எழுதியது:

ஆறாவது நிமிடத்தில் வந்துவிட்டது. 6000 காட்டுகிறது, எஸ்ஓசி ஆட்டோவில் 1.26. அதை 1.2க்கு இறக்கிவிட்டு இன்றிரவு மெம்டெஸ்ட் போடுகிறேன்.