மறு: 'டைட்டர்' – நீர்ப்பெல்லை எனலாமா?

> சிபிலிஸ் (பாலுறவால் பரவும் நோய்) ரத்த அறிக்கையில் வரும் 'டைட்டர்' என்பதற்குத் 'தரம்' போதாதா? வேதியியலில் தரம் பார்த்தல் என்றுதானே படித்தோம்.

வணக்கம் ஐயா,

பியூரெட்டோடு நிற்கும் மாணவனுக்குப் போதும். கேரள எல்லையோரக் கொழிஞ்சாம்பாறை லேபில் ரத்தம் கொடுத்துவிட்டு உட்கார்ந்திருப்பவரிடம் "தரம் 32" என்றால், நல்ல மார்க் என்று நினைத்துக்கொள்வார். இங்கே எண் ஏறினால் கவலை.

மேசையில் நடப்பதைப் பார்த்துப் பெயர் வைப்போம். சீரத்தை (ரத்தம் உறைந்ததும் பிரியும் தெளிநீர்) உப்புநீர் விட்டு 1:2, 1:4, 1:8 என்று நீர்க்கவைத்து, ஆர்பிஆர் என்ற சிபிலிஸ் சோதனையின் அட்டையில் வட்டத்துக்கு ஒன்றாக விடுகிறோம். கரித்தூள் கலந்த ஆன்டிஜெனை (எதிர்பொருள் பற்றிக்கொள்ளும் பொருள்) சேர்த்து எட்டு நிமிடம் சுழற்றினால், எதிர்பொருள் (நோய் வந்தால் ரத்தத்தில் உருவாகும் புரதம்) எட்டும் வரை கரி திட்டுத்திட்டாகத் திரளும். அதற்கப்புறம் வெறும் சாம்பல் நிறம். கடைசியாகத் திரண்ட வட்டத்தின் நீர்ப்புதான் டைட்டர்; 1:32 என்றால் சுருக்கமாக 32. ஆகவே நீர்ப்பெல்லை, நீர்ப்பின் எல்லை. (எல்லையில் குடியிருப்பவனுக்கு வேறென்ன தோன்றும்!)

'எதிர்பொருள் அளவு' என்ற யோசனையும் வந்தது. அளவு என்றால் 32 அடுத்த முறை 16 ஆனதும் பாதி குணம் என்று தோன்றிவிடும். ஒரு படி ஏறி இறங்குவது சோதனையிலேயே சகஜம். 32 எட்டாக, அதாவது இரண்டு படி இறங்கினால்தான் பெனிசிலின் வேலை செய்தது என்று கொள்வார்கள். இன்னொன்று, எதிர்பொருள் மிதமிஞ்சிப் போனால் நீர்க்காத சீரத்தில் திரளாமலே 'இல்லை' என்று காட்டிவிடும். நீர்த்த பிறகுதான் பிடிபடும். எல்லை என்ற சொல் அங்கேயும் நிற்கிறது.

எங்கள் பக்கம் ஒரு கூத்து உண்டு. முதல் சோதனை பாலக்காட்டில் ஆர்பிஆர், அடுத்தது பொள்ளாச்சியில் விடிஆர்எல் என்ற இன்னொரு சிபிலிஸ் சோதனை. ஆர்பிஆர் எண் பெரும்பாலும் கொஞ்சம் கூடுதலாகவே வரும். இரண்டையும் பக்கத்தில் வைத்து "இறங்கிடுச்சு" என்று சந்தோஷப்படுகிறார்கள். சோதனையின் பெயரையும் சேர்த்தே அச்சிட வேண்டும்: 'ஆர்பிஆர் நீர்ப்பெல்லை 1:16'.

---

தம்பி,

சரி, தரத்தை விட்டுவிடுகிறேன். ஆனால் அறிக்கையில் 'நீர்ப்பு எல்லை' என்று பிரித்தே போடுங்கள், வாசிக்க வேண்டுமே.

சிபிலிஸ் கிருமிக்கே உரிய எதிர்பொருளைப் பார்க்கும் உறுதிச் சோதனையான டிபிஎச்ஏவுக்கு இந்த எண் வேண்டாம். குணமான பிறகும் பெரும்பாலோருக்கு அது ஆயுசுக்கும் பாசிட்டிவ்தான். உண்டு, இல்லை போதும்.

அடுத்து, பாசிட்டிவ் என்ற பொருளில் அறிக்கையில் வரும் 'ரியாக்டிவ்' என்பதை எடுப்போம். அதை 'நோய் உறுதி' என்று தமிழாக்கிய படிவம் ஒன்று என் கையில் இருக்கிறது. கர்ப்பம், லூபஸ் (உடலின் எதிர்ப்புச் சக்தி உடலையே தாக்கும் நோய்), தொழுநோய் இருந்தாலும் விடிஆர்எல் ரியாக்டிவ் என்று காட்டக்கூடும்; டிபிஎச்ஏ பார்க்காமல் உறுதி எங்கிருந்து வந்தது? 'வினையுண்டு' என்று வைத்திருக்கிறேன், மற்றவர்கள் சொல்லுங்கள்.