மார்ட்டினுக்குச் சம்பளம் இல்லை என்பது டக்ளஸுக்குத் தெரியுமா, தெரியாதா?

கோட்டாறு குசும்பன்:
நேற்று ராத்திரி தோவாளைப்பூ இங்கே எழுதியதைப் படித்ததிலிருந்து எனக்கு உறக்கம் இல்லை. பி.பி.சி. ரேடியோ 4-ல் வந்த 'கேபின் பிரஷர்' நகைச்சுவை நாடகத்தில் மார்ட்டினும் டக்ளஸும்தான் அசல் ஜோடியாம், மற்றதெல்லாம் ஒப்புக்குச் சேர்த்ததாம். 2008 ஜூலையில் தொடங்கி 2014 டிசம்பரில் முடிந்த நாடகம் அது. அபுதாபி முதல் சூரிச் வரை ஆங்கில எழுத்து வரிசைப்படி 26 ஊர்ப் பெயர்கள். அத்தனையும் கேட்டவன் சொல்கிறேன், மார்ட்டின் சம்பளம் வாங்காத கேப்டன். விமானம் ஓட்டாத நாளில் வேனில் வீட்டுச் சாமான் ஏற்றி இறக்கி வயிற்றைக் கழுவுகிறான். பக்கத்து சீட்டில் இருக்கும் துணை விமானி டக்ளஸுக்கு ரொம்ப நாள் வரைக்கும் இது தெரியாது! பக்கத்தில் இருப்பவன் பட்டினி கிடப்பது தெரியாதவனோடு என்ன ஜோடி?

தோவாளைப்பூ:
வாங்க அண்ணாச்சி, உங்களைத்தான் எதிர்பார்த்தேன். தெரிந்த பிறகு டக்ளஸ் என்ன செய்தான் என்பதை மட்டும் அழகாக விழுங்கிவிட்டீர்கள். 'ஆட்டரி செயின்ட் மேரி' பகுதியைத் திரும்பக் கேளுங்கள். ஒரு பியானோவைக் கொண்டு சேர்க்க வேண்டும், கூடவே போகிறவன் யார்? வாய் நிறையக் கேலி, ஆனால் வண்டியில் ஏறிவிட்டான். அதற்குப் பேர் என்னவாம்?

கோட்டாறு குசும்பன்:
அதற்குப் பேர் ஆள் உதவி. எங்கள் தெருவில் பீரோ இறக்க நாலு பேர் வருவார்கள், அவர்கள் எல்லோரையும் எனக்கு ஜோடி என்று எழுதிவிடுவாயா? கேட்டதற்குப் பதில் சொல். சம்பளம் இல்லை என்பது தெரியுமா, தெரியாதா?

மார்த்தாண்டம் மச்சான்:
நாடகம் கேட்காதவர்களுக்கு ஒரு வரி: ஒரே ஒரு ஓட்டை விமானம், நாலு பேர். முதலாளியம்மா கரோலின், அவள் மகன் ஆர்தர், கேப்டன் மார்ட்டின், அவனைவிட நூறு மடங்கு கெட்டிக்காரனான துணை விமானி டக்ளஸ். எழுதியவர் ஜான் ஃபின்னமோர், ஆர்தராகப் பேசியதும் அவரேதான். சரி, இப்போது அடித்துக்கொள்ளுங்கள்.

தோவாளைப்பூ:
மார்ட்டின் ஒளித்தது சம்பளத்தை. டக்ளஸ் ஒளித்தது என்ன? வீட்டில் மனைவியிடம் தான்தான் கேப்டன் என்று புளுகி வைத்திருந்தான். ஒருவனுக்குப் பதவி இருக்கிறது, காசு இல்லை. இன்னொருவனுக்குக் காசு இருக்கிறது, பதவி இல்லை. மற்றவனிடம் இருப்பதற்கு ஏங்கிக்கொண்டே இரண்டு பேரும் அத்தனூண்டு காக்பிட்டில் வார்த்தை விளையாட்டு ஆடிப் பொழுதைப் போக்குகிறார்கள். இதைவிடப் பொருத்தம் ஜாதகத்தில்கூட வராது.

கோட்டாறு குசும்பன்:
ஜாதகம் வேறா! நாடகத்தை எழுதினவர் மார்ட்டினுக்கு யாரைக் கொடுத்தார்? லிக்டன்ஸ்டைன் நாட்டு இளவரசி தெரேசாவை. கரோலினுக்கு ஹெர்க் என்று வேறு கம்பெனி பைலட். எழுதினவரே முடிச்சுப் போட்டாயிற்று, நீ யார் அவிழ்க்க? 2010-ல் 'ஷெர்லாக்' டிவி தொடர் வந்து, மார்ட்டினாகப் பேசிய பெனடிக்ட் கம்பர்பேட்ச் பெரிய ஆளான பிறகு ஒரு கூட்டம் இந்த நாடகத்துக்குள் புகுந்தது. நீ அந்தக் கூட்டம். குரலைக் கேட்டு வரவில்லை, முகத்தைப் பார்த்து வந்தவள். முகத்தைப் பார்த்து வந்தவர்களுக்குச் சம்பள விவரம் எப்படி ஞாபகம் இருக்கும்?

தோவாளைப்பூ:
டக்ளஸாகப் பேசிய ரோஜர் அல்லமின் குரலுக்காக வந்தவள் நான். இன்னொரு தடவை முகம் கிகம் என்று சொன்னால் நடப்பது வேறு.

ஒழுகினசேரி பாட்டா:
மக்களே, இங்கிலீஷ்காரன் ஜோடியை வைத்து மண்டையை உடைத்துக்கொள்கிறீர்கள். ஜோடி என்றால் கலைவாணரும் மதுரமும். கலைவாணர் என்.எஸ். கிருஷ்ணன் 1908-ல் எங்கள் ஒழுகினசேரியில் பிறந்தவர். 1936-ல் வந்த 'வசந்தசேனா' படத்துக்காகச் சேர்ந்தவர்கள் வாழ்க்கையிலும் சேர்ந்தார்கள். அவர்கள் பேச்சைக் கண்ணை மூடிக்கொண்டு கேட்டாலும் சிரிப்பு வரும். ஒலி நாடகத்துக்கு வேறென்ன இலக்கணம்?

கோட்டாறு குசும்பன்:
பாட்டா, அது சினிமா. அப்புறம், ஊரில் நாகம்மை அம்மாவைக் கட்டியிருந்த பிறகுதான் மதுரம் வந்தார் என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள்.

ஒழுகினசேரி பாட்டா:
அது வீட்டுக் காரியம் ஓய். கலைவாணரைப் பற்றிப் பேசும்போது வாயை அளந்து திற. கோட்டாற்றுக்காரர்களுக்கு எப்போதும் இதே வேலை. ஊரில் பெரிய மனுஷன் ஒருத்தன் இருந்தால் பொறுக்காது.

குளச்சல் காற்று:
ஒலி நாடகம் என்று சொல்லிவிட்டு இலங்கை வானொலியை விட்டுவிட்டால் எப்படி? 'கோமாளிகளின் கும்மாளம்' தெரியுமா? மரைக்காராக எஸ். ராமதாஸ், யாழ்ப்பாணத்துப் பேச்சில் அப்புக்குட்டி ராஜகோபால், சிங்களவர் பேசும் தமிழில் உபாலி செல்வசேகரன், ஐயராக அப்துல் ஹமீது. ஆளுக்கு ஒரு பேச்சு, வாயைத் திறந்தாலே யார் என்று தெரிந்துவிடும். 1976-ல் 'கோமாளிகள்' என்று படமாகவே எடுத்தார்கள். எங்கள் குளச்சலில் கடற்கரையில் ரேடியோவை வைத்தால் பக்கத்து வீட்டில் பேசுகிற மாதிரி கேட்கும். எனக்கு அப்புக்குட்டி–உபாலிதான் ஜோடி.

கோட்டாறு குசும்பன்:
1976-ல் நீ பிறந்திருந்தாயா, மக்கா?

குளச்சல் காற்று:
அம்மா சொல்லக் கேட்டது. அம்மா பொய் சொல்வாளா?

மார்த்தாண்டம் மச்சான்:
எங்கள் பக்கமும் சிலோன் நன்றாகத்தான் எடுத்தது. குளச்சல்காரன் மட்டும் அதைத் தலையில் தூக்கி வைத்துக்கொள்ள வேண்டாம்.

குளச்சல் காற்று:
மார்த்தாண்டத்தில் எடுத்தது திருவனந்தபுரம். ரப்பர் மரத்துக்கு நடுவில் சிலோன் எங்கே வந்தது?

கோட்டாறு குசும்பன்:
இந்தச் சிலோன் சண்டையைத் தனியாக வைத்துக்கொள்ளுங்கள். நாட்டிலேயே முதல் உள்ளூர் வானொலி நிலையம் 1984-ல் நம்ம நாகர்கோவிலில்தான் வந்தது, அதை ஒருத்தனும் சொல்லவில்லை. என் மாமா அதில் நாடகம் பேசியவர். அந்த வீட்டில் வளர்ந்தவன் நான், எனக்கு ஒலி நாடகம் கற்றுக்கொடுக்க வேண்டாம். தோவாளைப்பூ இன்னும் பதில் சொல்லவில்லை. ரொம்ப நாள் வரைக்கும் டக்ளஸுக்குத் தெரியாது. சரியா, தப்பா?

சுசீந்திரம் சுப்பு:
ஒன்று சொல்கிறேன், யாரும் கோபப்படாதீர்கள். நம்ம வில்லுப்பாட்டில் வலத்தே பாடுகிறவர் கதை சொல்வார், இடத்தே இருப்பவர் "ஆமா" போடுவார். அந்த ஆமா சரியான இடத்தில் விழுந்தால்தான் கதை நிற்கும். மார்ட்டின் நீட்டி முழக்குவதும் டக்ளஸ் ஒரே வார்த்தையில் போட்டுக் கவிழ்ப்பதும் அதே பாணிதான். கோயில் கொடையில் வில் அடிக்கிற இரண்டு பேரையும் யாராவது ஜோடி என்று சொல்வார்களா? சொன்னாலும் தப்பில்லை என்றே தோன்றுகிறது.

தோவாளைப்பூ:
அப்படிப் போடுங்கள் அண்ணே!

கோட்டாறு குசும்பன்:
சுப்பு இரண்டு பக்கமும் கால் வைக்கிறார். போன தடவை கிரிக்கெட் சண்டையிலும் இதையேதான் செய்தார். வில்லுப்பாட்டில் இடத்தே இருப்பவருக்கு வலத்தே பாடுகிறவருக்கு எவ்வளவு தட்சிணை என்று பைசா சுத்தமாகத் தெரியும்! அங்கேயே உங்கள் உவமை அடிபட்டுப் போச்சு.

சுசீந்திரம் சுப்பு:
கிரிக்கெட்டை ஏன் இழுக்கிறீர்கள்? அன்றைக்கு என் கருத்தையே திரித்து எழுதியவர் நீங்கள்.

தோவாளைப்பூ:
குசும்பன் அண்ணாச்சிக்கு உண்மையான கோபம் வேறு. இந்த நாடகத்து ஆட்களை வைத்து நான் எழுதிய ரசிகர் கதையில் மார்ட்டினை டெம்போ டிரைவர் ஆக்கி, ஓணத்துக்கு முந்தின ராத்திரி தோவாளைச் சந்தையிலிருந்து திருவனந்தபுரத்துக்குப் பூ ஏற்ற வைத்திருந்தேன். டக்ளஸ் பக்கத்து சீட்டில் உட்கார்ந்து, களியக்காவிளை செக்போஸ்ட் வரை அவனை உறங்கவிடாமல் கதையளந்துகொண்டே போவான். அதற்கு நல்ல வரவேற்பு. அன்றிலிருந்துதான் அண்ணாச்சிக்குச் சம்பளக் கணக்கு ஞாபகம் வந்தது.

கோட்டாறு குசும்பன்:
அந்தக் கதையா! பிச்சிப்பூவைச் சாக்கில் திணித்து, மேலே கிரேந்திப்பூச் சாக்கை அடுக்கியதாக எழுதியிருந்தாய். பாறசாலை தாண்டுவதற்குள் பிச்சி வெந்து கறுத்துப் போயிருக்கும். மொட்டைப் பறித்தால் ஈரத்துணி போட்டுக் கூடையில் வைப்பார்கள். தோவாளைக்காரிக்கு இது தெரியாதா? மார்ட்டின் எவ்வளவு பாவம் என்றாலும் அந்தப் பூவுக்கு ஒருத்தனும் வாடகை கொடுத்திருக்க மாட்டான்.

தோவாளைப்பூ:
எங்கள் அப்பா சந்தையில் பூ எடுப்பவர். அவரே படித்துவிட்டுச் சரி என்றார்.

கோட்டாறு குசும்பன்:
அப்பா மகளுக்காகச் சொல்லியிருப்பார்.

மார்த்தாண்டம் மச்சான்:
எல்லாம் இருக்கட்டும். போன மாதம் மாத்தூர் தொட்டிப்பாலத்தில் கூடினோமே, டீக்கும் பழம்பொரிக்கும் நான் கொடுத்த காசை இன்னும் ஒருத்தரும் அனுப்பவில்லை.

கோட்டாறு குசும்பன்:
நான் டீ மட்டும்தான் குடித்தேன். பழம்பொரி தின்றது பாட்டாவும் சுப்புவும்.

ஒழுகினசேரி பாட்டா:
நான் பாதிதான் தின்றேன். மீதியை எடுத்தவன் யார் என்று குளச்சல்காரனிடம் கேள்.

குளச்சல் காற்று:
என்னை ஏன் இழுக்கிறீர்கள், பாட்டா? நான் அன்றைக்கு வரவே இல்லை.

தோவாளைப்பூ:
கதையின் அடுத்த பாகம் ஞாயிற்றுக்கிழமை போடுகிறேன். அதில் கோட்டாறு சந்தையில் எல்லாவற்றுக்கும் விலை சொல்லி ஒன்றையும் வாங்காத ஒரு அண்ணாச்சி வருகிறார்.

கோட்டாறு குசும்பன்:
தைரியம் இருந்தால் பெயரைப் போட்டு எழுது. அந்த அண்ணாச்சி டெம்போவில் ஏறுகிற காட்சி வந்தால், வாடகை பேசிவிட்டுத்தான் ஏறுவார். அதையும் சேர்த்து எழுது.