தாத்தா சண்டை போட்டது எந்தக் களத்தில்?

அண்ணாச்சிமாரே, அக்காமாரே, ஒரு உதவி வேணும். அம்பாசமுத்திரத்து வீட்டு டிரங்குப் பெட்டியில் தாத்தாவின் பர்மா ஸ்டார் (இரண்டாம் உலகப் போரில் பர்மாப் போர்த்தொடரில் பணியாற்றியவர்களுக்குப் பிரிட்டிஷ் அரசு தந்த பதக்கம்) கிடைத்தது. ஆறு முனை நட்சத்திரம். நாடாவின் நடுவே சிவப்பு, இருபக்கமும் நீலத்துக்குள் ஆரஞ்சுக் கோடு. பின்புறம் பெயரோ எண்ணோ இல்லை.

ஆச்சி சொன்னதெல்லாம் இம்பால் கதைதான். 1944 மார்ச் முதல் ஜூலை வரை நடந்த அந்தச் சண்டை நம்ம மண்ணில் நடந்தது; ஆனாலும் பர்மாப் போர்த்தொடரில்தான் சேர்க்கிறார்கள். அப்போது அதை நடத்தியது, பிரிட்டன் தலைமையில் 1943இல் உருவான நேச நாடுகளின் கூட்டுத் தென்கிழக்காசியக் கட்டளையகம். அமெரிக்கர்களோ பர்மாவை சீனா-பர்மா-இந்தியா என்ற களத்தில் சேர்த்தார்கள்.

குடும்ப வரலாற்றில் களம் (theatre), போர்த்தொடர் (campaign), சண்டை (battle) என மூன்று அடுக்காக எழுதுகிறேன். மேல் அடுக்கில் எதைப் போட? தாத்தாவின் ரெஜிமென்ட்டை எப்படித் தேட? விவரம் தெரிந்தவர்கள் சொல்லுங்க.